பேழையின் மேல் ஒரு சிறு கோடு

என் அப்பா 31 ஆண்டுகள் தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், கல்யாணப் பத்திரிகைகளும் ரசீதுப் புத்தகங்களும் கோயில் திருவிழா நோட்டீஸ்களும் அச்சடிக்கும் ஒரு சிறிய அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தார். பள்ளி விடுமுறை நாட்களில் தண்டையார்பேட்டையிலிருந்து அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மரத்தட்டில் ஈய எழுத்துகள் கிடக்கும். ‘க’ ஓர் அறையில் இருந்தால் ‘க்’ வேறோர் அறையில் இருக்கும். புள்ளி தேய்ந்துபோன எழுத்துகளைப் பொறுக்கித் தனி டப்பாவில் போடும் வேலையை அப்பா எனக்குக் கொடுப்பார். மற்றப் பிழைகளைக்கூடப் படிப்பவர் ஊகித்துச் சரிசெய்துகொள்வார் என்றும், புள்ளி விழாத சொல்லில் மட்டும் கண் தடுக்கி நின்றுவிடும் என்றும் அவர் சொல்லுவார்.

வெள்ளிக்கிழமைகளில் பாட்டி என்னைத் திருவொற்றியூர் தியாகராசர் கோயிலுக்கு அழைத்துச் செல்வார். பாட்டி சங்கிலி நாச்சியாரின் கதையைச் சொல்லிக்கொண்டே முன்னால் நடக்க, நான் சுவரில் வரிவரியாக வெட்டியிருக்கும் எழுத்துகளின்மேல் விரலை ஓட்டியபடி பின்னால் போவேன். சோழர் காலத்து எழுத்துகள் அவை. ஆங்காங்கே ஒரு ‘ம’வும் ஒரு ‘ர’வும் பிடிபடும், முழுச்சொல் பிடிபடாது. அந்த வரிகளில் புள்ளியே இல்லை என்பதை ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பழகிய என் கண் ஒருநாள் கண்டுகொண்டது. என்ன எழுதியிருக்கிறது என்று பாட்டியிடம் கேட்டதற்கு, ராஜா எழுதியது, நமக்குப் புரியாது என்றார். அந்தப் பதில் என்னை நெடுங்காலம் உறுத்திக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு ஒரு வார இறுதிக் கல்வெட்டு வகுப்பில் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். அங்கே தெரிந்துகொண்டவற்றுள் என்னை மிகவும் ஆட்கொண்ட ஒன்றை, ஆந்திரத்தில் கிடைத்த ஒரு கற்பேழையைப் பற்றியதை, இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

மறைந்த எழுத்தைத் திறந்த கல் என்றவுடன் எல்லோருக்கும் எகிப்தின் ரொசெட்டாக் கல்தான் நினைவுக்கு வரும். 1799இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லில் ஒரே ஆணை மூன்று எழுத்து வடிவங்களில் வெட்டப்பட்டிருந்தது. தெரிந்த கிரேக்கத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத சித்திர எழுத்துக்குள் நுழைந்த ஷாம்போலியோன் 1822இல் அதன் அமைப்பை அறிவித்தார். அந்தக் கல் கிடைத்த அதே 1799ஆம் ஆண்டில்தான், அசோகர் காலத்து எழுத்தைப் பின்னாளில் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப் பிறந்தார். அவருக்கு அப்படிப்பட்ட வசதியான மூவெழுத்துக் கல் எதுவும் வாய்க்கவில்லை.

பிரின்செப் நாணயச்சாலைக்காரர். கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத்தின் தரத்தைச் சோதிக்கும் தலைமை அதிகாரியாக இருந்தவர். எங்கள் தங்கசாலைத் தெருவின் வடகோடியில் நாணயம் அடித்த கட்டடம் பின்னாளில் அரசு அச்சகமானது என்பதை அறிந்தவள் என்ற முறையில், நாணயத்துக்கும் அச்செழுத்துக்கும் இடையே உள்ள இந்த உறவு எனக்கு இயல்பாகவே படுகிறது. தேய்ந்த காசின் விளிம்பில் பாதி அழிந்த எழுத்தைக் கூர்ந்து பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. அசோகரின் தூண்களில் இருந்த பிராமி என்ற எழுத்தை அதற்குமுன் பல நூற்றாண்டுகளாக யாராலும் படிக்க முடியவில்லை. டெல்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் பெருமுயற்சியோடு அத்தகைய தூண்களைத் தன் தலைநகருக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோதும், அதில் எழுதியிருப்பதைச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. 1836இல் கிறிஸ்தியான் லாசன் என்ற அறிஞர், ஒரு பக்கம் கிரேக்கமும் மறுபக்கம் பிராமியும் கொண்ட அகதோகிளிஸ் மன்னனின் காசைக் கொண்டு சில எழுத்துகளை அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டு, சாஞ்சித் தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியிலிருந்து படியெடுத்து அனுப்பிய சிறுசிறு வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பிரின்செப், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். கோயில்களில் பக்தர்கள் தம் பெயரைப் பொறித்து எதையாவது கொடுப்பது வழக்கம். ஆகவே அது ‘தானம்’ என்ற சொல்லாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார். ‘த’வும் ‘ந’வும் கிடைத்தன, அதற்குமுன் வரும் எழுத்து ‘இன்னாருடைய’ என்று பொருள்படும் வேற்றுமை உருபு என்பதும் தெளிவாயிற்று. மற்ற எழுத்துகள் விரைவாகப் பிடிபட்டன.

மின்விசிறியிலும் டியூப்லைட்டிலும் உபயதாரர் பெயர் எழுதியிருக்கும் கோயில்களில் வளர்ந்த எனக்கு, இதைக் கேட்டபோது மெய்சிலிர்த்தது. இந்தியாவின் தொன்மையான எழுத்தைத் திறந்து வைத்தவை, பெயர் தவிர வேறு வரலாறு இல்லாத எளிய மனிதர்களின் உபயக் குறிப்புகள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. 1837லேயே பிராமி எழுத்தைப் படிக்கக் கற்றுவிட்டார்கள். மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக்குகையில் இருக்கும் எழுத்துகளை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டு சொன்னார். எழுத்து தெரியும், கல்வெட்டும் கண்முன்னே இருக்கிறது. ஆயினும் அதற்குப் பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது எந்த மொழி என்பதிலேயே தெளிவு பிறக்கவில்லை. பிராமி எழுத்து என்றால் மொழி வடக்கே வழங்கிய பழைய பிராகிருதம் என்பதே அதுவரையிலான அனுபவமாக இருந்தது. குகைகளில் தங்கியவர்கள் துறவிகள். கல்வெட்டுகளில் ‘தம்மம்’, ‘நிகமம்’ போன்ற வடசொற்களும் தட்டுப்பட்டன. எனவே இவையும் பிராகிருதமாகவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு படிக்க முயன்றார்கள். வரிகள் பொருள் தர மறுத்தன. பூட்டு ஒன்று என்று நினைத்த இடத்தில் பூட்டு இரண்டு இருந்தது.

அந்த இரண்டாவது பூட்டின் அமைப்பைக் கொஞ்சம் பொறுமையாக விளக்க வேண்டும், ஏனென்றால் எழுத்தின்மேல் அன்புள்ள எவருக்கும் இது இனிக்கும் இடம். வடக்கே வழங்கிய பிராமியில் ‘க’ என்ற வடிவம் தனியே நின்றால் அதற்குள்ளேயே அகரம் அடங்கியிருக்கிறது என்று பொருள். அதன் தலைப்பக்கத்தில் வலப்புறமாக ஒரு சிறு கோடு இழுத்தால் அது ‘கா’ ஆகும். ‘க்’ என்ற தனிமெய்யை எழுத அந்த முறையில் அவ்வளவாக இடமில்லை. பிராகிருதச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் அதற்குத் தேவையும் குறைவு. தமிழோ அப்படிப்பட்ட மொழியன்று. மகன், ஊர், கல், வேள், பொன் என்று மெய்யில் முடியும் சொற்களை வைத்துத்தான் நாம் பேசுகிறோம். கடன்வாங்கிய எழுத்தில் இந்த மெய்களை எப்படி எழுதுவது என்பது, 2,000 ஆண்டுகளுக்கும் முன்னால் பாண்டிய நாட்டில் உளி பிடித்தவர்களுக்கு உண்மையான சிக்கலாக இருந்திருக்கும்.

அவர்கள் கண்ட வழி துணிச்சலானது. வடிவம் மட்டும் தனியே நின்றால் அது மெய் என்று வைத்துக்கொண்டார்கள். தலையில் கோடு இருந்தால் அகரமும் சேர்ந்தது. அதே கோட்டையே ஆகாரத்துக்கும் பயன்படுத்தினார்கள், குறிலா நெடிலா என்பதை இடம் நோக்கிப் படிப்பவரே தெரிந்துகொள்ள வேண்டும். ‘மகன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் கோடிட்ட ம, கோடிட்ட க, கோடில்லாத ன என்று எழுதுவார்கள். அசோகரின் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய ஒருவர் இதைப் பார்த்தால் ‘மாகான’ என்று படிப்பார். ‘மாகான’ தமிழும் ஆகாது, பிராகிருதமும் ஆகாது. ஒவ்வோர் எழுத்தையும் சரியாக அடையாளம் கண்டுவிட்டு, சொல்லை மட்டும் தவறவிடுகிற விந்தை இப்படித்தான் நேர்ந்தது.

இங்கேதான் பட்டிப்ரோலு பேழை வருகிறது. கிருஷ்ணா ஆற்றின் கழிமுகச் சமவெளியில், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பட்டிப்ரோலு என்ற ஊரின் பௌத்தத் தூபியை அலெக்சாண்டர் ரீ 1892இல் அகழ்ந்தபோது, புனித எச்சங்களை வைத்திருந்த கற்பேழைகள் வெளிப்பட்டன. அவற்றின்மேல் கொடையளித்தோர் பெயர்களும், கோட்டியாகக் கூடிச் செயல்பட்டவர்களின் பெயர்களும், குபிரகன் என்ற அரசனின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் பியூலர் அவற்றைப் படித்து வெளியிட்டார். மொழி ஐயத்துக்கு இடமில்லாத பிராகிருதம். எழுத்துமுறையில்தான் ஒரு புதுமை இருந்தது: மற்ற இடங்களில் ‘கா’ என்று படிக்க வேண்டிய கோடிட்ட வடிவம் இந்தப் பேழைகளில் ‘க’வாக இருந்தது, ‘கா’ எழுத வேண்டுமானால் அந்தக் கோட்டின் நுனியிலிருந்து இன்னொரு கோட்டைக் கீழ்நோக்கி இழுத்திருந்தார்கள். சொற்கள் ஏற்கெனவே தெரிந்தவை என்பதால், அந்தக் கோட்டின் மதிப்பு அகரம்தான் என்பதில் சந்தேகம் எழவில்லை.

இந்தப் பேழையின் அருமை எனக்கு உடனே விளங்கவில்லை. பியூலர் படித்த பேழைகளை மனத்தில் வைத்துக்கொண்டு மாங்குளத்தின் மைப்படியை, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றியெடுத்த படியை, வகுப்பில் பார்க்கச் சொன்னபோதுதான் விளங்கியது. வடிவத்துக்குள் அகரம் அடங்கியிருக்கிறது என்ற விதியைத் தென்னாட்டு எழுத்தர்கள் ஒரு காலத்தில் மாற்றிவைத்திருந்தார்கள் என்பதற்கு, தெரிந்த மொழியில் எழுதிய ஒரு சாட்சி அது. தெரியாத வரிகளில் ‘மாகான’ என்று படிக்காமல் ‘மகன்’ என்று படிப்பது வெறும் விருப்பத்தால் செய்த திருத்தம் என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி அந்தப் பேழை தடுத்து நிற்கிறது. தமிழ் வரிகளில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கோடு வந்ததால் ஏற்பட்ட குழப்பத்தைப் பேழையில் எழுதியவர் இரண்டு கோடுகளாகப் பிரித்துத் தீர்த்திருக்கிறார். ஆகையால் தமிழ் முறை முந்தியது, பட்டிப்ரோலு முறை அதிலிருந்து பிறந்தது என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

குகை எழுத்துகளின் மொழி தமிழ் என்று முதலில் துணிந்து சொன்னவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். 1924இல் சென்னையில் நடந்த கீழ்த்திசை மாநாட்டில் அவர் படித்த கட்டுரையில், இந்தக் குகை எழுத்துகளில் வடக்கே இல்லாத நான்கு வடிவங்கள் இருப்பதையும் அவை ழ, ள, ற, ன என்பதையும் எடுத்துக்காட்டினார். வடமொழிகளில் தாராளமாக வரும் g, d, b போன்ற அதிர்வொலி வல்லெழுத்துகள் இங்கே வராமல் இருப்பதையும் சுட்டினார். வராத எழுத்துகளைக் கொண்டு ஒரு மொழியை அடையாளம் காணும் அந்தக் கூர்மையை நான் எண்ணி எண்ணி வியக்கிறேன். ஐயர் திறந்த வழியில் 1960களில் நடந்தவர் இந்திய ஆட்சிப் பணியில் இருந்த ஐராவதம் மகாதேவன். மலை மலையாக ஏறிக் கல்வெட்டுகளை நேரில் பார்த்துப் படியெடுத்து, எழுதும் முறை எப்படி அடுத்தடுத்து மாறியது என்பதை அவர் வகைப்படுத்தினார். மாங்குளத்து வரியில் கணி நந்தன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் அலுவலனான கடலன் வழுதி பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி துலங்கியது. கரூருக்கு அருகே புகலூரில், சேரல் இரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர் கல்லிலிருந்து எழுந்து வந்தார்கள். பாட்டில் மட்டும் இருந்த அரசர்களுக்குக் கல்லில் இடம் கிடைத்தது. மகாதேவனின் ஆய்வுகள் திரண்டு 2003இல் ஆங்கிலத்தில் பெருநூலாக வெளிவந்தன; 2018இல் அவர் சென்னையில் மறைந்தார்.

அரசர்களைவிட எனக்கு நெருக்கமானவர்கள் அழகர்மலைக் குகையில் பெயர் பொறித்துக்கொண்டவர்கள். மதுரையிலிருந்து வந்த பொற்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன், கலப்பைக் கொழு விற்கும் வணிகன், பாணிதம் என்ற சர்க்கரைப் பாகு விற்பவன், அறுவை வணிகன் ஆகியோர் அங்கே இருக்கிறார்கள். அறுவை என்றால் துணி. அந்தப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படித்தபோது என் மனம் முழுவதும் ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. என்.எஸ்.சி. போஸ் சாலையின் நகைக்கடைகள், மண்ணடியின் இரும்புக் கடைகள், கோடவுன் தெருவின் துணி மூட்டைகள், உப்பைப் பெயரிலேயே வைத்திருக்கும் சால்ட் கோட்டர்ஸ் எல்லாம் ஒரே குகையில் வந்து அமர்ந்துகொண்டது போலிருந்தது. தங்கள் கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு துறவிக்குக் கல்படுக்கை வெட்டிக் கொடுத்து, பெயரையும் தொழிலையும் அதில் எழுதச் சொன்ன அந்த வணிகர்கள், தாங்கள் பேசிய மொழியிலேயே எழுதச் சொன்னார்கள். அதனால்தான் இன்று நமக்கு அவர்களைத் தெரிகிறது.

இரு மொழியில் எழுதிய சான்று நமக்கு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சாதவாகன அரசர்களின் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழும் இருக்கின்றன. ஒரு பக்கத்துச் ‘சிரி’க்கு நேராக மறுபக்கத்தில் ‘திரு’ வருகிறது, ‘புத’ என்பதற்கு நேராக ‘மகன்’ வருகிறது. குகைகளைப் பிராகிருதமாகப் படித்துக் களைத்தவர்கள் கையில் இந்தக் காசு முன்பே கிடைத்திருந்தால் எவ்வளவு உழைப்பு மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எகிப்தின் செங்கடல் கரையில், குசைர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில், ‘பானை ஒறி’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்தது. பானையைத் தொங்கவிடும் உறி. பாட்டியின் அடுப்படியில் தயிர்ச்சட்டி தொங்கிய அதே உறி. இந்த ஓட்டின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுதியவன் கை பழகிய கை என்று மட்டும் சொன்னார்.

கோட்டால் அகரத்தைக் குறிக்கும் முறை நிலைக்கவில்லை. வடக்கு முறையோடு ஒத்துப்போகும் பழக்கம் வளர, கோடு ஆகாரத்துக்கு மட்டும் உரியதாயிற்று. தனி வடிவம் மெய்யா அகரமேறிய மெய்யா என்ற குழப்பம் மீண்டும் தலைதூக்கியது. அதை இறுதியாகத் தீர்த்தது புள்ளி. மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல் என்று தொல்காப்பியம் விதியாகவே சொல்லுகிறது. எழுத்து மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு நூற்பாவாகத்தான் அதை நான் பள்ளியில் படித்தேன். ‘மாகான’வைப் பார்த்த பிறகு, எத்தனை தலைமுறைகள் தடுமாறி, எத்தனை முறைகளை முயன்று பார்த்து, அந்தச் சிறு பொட்டில் வந்து நின்றார்கள் என்பது புரிகிறது. பின்னர் கல்தச்சர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். திருவொற்றியூர்ச் சுவரில் நான் தேடிக் காணாத புள்ளி அதுதான்.

ஒரு வருத்தத்தையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். எங்கள் பகுதியிலேயே ஒரு சிறிய கோயிலில் திருப்பணி நடந்தபோது, அடித்தளத்தில் இருந்த எழுத்து வரிகளின்மேல் சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளப்பான ஓடுகளை ஒட்டிவிட்டார்கள். படியெடுக்காத கல்லாக இருந்திருந்தால் அந்த வரிகள் இனி யாருக்கும் இல்லை. ஓர் எழுத்தின் தலையில் இருக்கும் சிறு கோடு ஒரு மொழியின் வரலாற்றையே காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்தபின், ஒரு வரிகூட நமக்கு மிகையில்லை என்றே நினைக்கிறேன். 1981இல் திருக்கோயிலூருக்கு அருகே ஜம்பையில் ஒரே ஒரு வரி கிடைத்தது: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’. சதியபுதனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பது அதன் பொருள். அசோகரின் கல்வெட்டில் சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சதியபுதர் யார் என்று பிரின்செப் காலம் முதல் அறிஞர்கள் வாதிட்டு வந்தார்கள். அந்த ஒரு வரி, அவர்கள் தகடூர் அதியமான்களே என்று காட்டிவிட்டது.

வகுப்பின் இறுதியில், அனுமதி பெற்று, ஒரு கோயில் பிராகாரத்தில் தனியே கிடந்த துண்டுக் கல்லிலிருந்து நாங்களே மைப்படி எடுத்தோம். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, ஈரம் பாதி வற்றியதும் மை ஒற்றினோம். பள்ளத்தில் மை ஏறாது. கறுப்புப் பரப்பில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. காய்ந்த தாளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்து அப்பாவின் முன் விரித்தேன்.

அவர் கறுப்புப் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பிப் போட்டார். பள்ளத்துக்குள் இறங்கிய தாள் பின்புறத்தில் மேடாகப் புடைத்து, இடவலம் மாறிய எழுத்துகளாகத் தெரிந்தது, ஈய எழுத்தைப் போலவே. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வலப்பக்கத்திலிருந்து விரலை வைத்து, தி, ரு, ந, ந, தா என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். வி, ள, க, கு. இரண்டாவது ‘ந’வுக்குத் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்த பென்சிலால் அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு ‘கு’வுக்கு முன்னால் இருந்த ‘க’வுக்கும் ஒன்று.